பழைய ஜப்பானியப் பொதுக் குளியல் கூடத்தைப் புதுப்பிப்பது: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

டோக்கியோவில் ஒரு சிறிய கட்டுமான நிறுவனத்தில் சைட் பொறியாளராக இருக்கிறேன். எங்களுக்கு வரும் வேலைகளில் கணிசமானவை பழைய சென்தோக்கள், அதாவது ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்த பொதுக் குளியல் கூடங்கள். ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்கள், இங்கே நிஷி-கசாய் பக்கம் இருக்கும் நண்பர்கள், கட்டிடக்கலை படிக்கும் பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் தட்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

1. சென்தோன்னா ஓன்சென்தானே? ரெண்டும் ஒண்ணா?

இல்லை. ஓன்சென் என்றால் பூமியிலிருந்து வரும் ஊற்று. அந்த நீர் 25 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட தாதுக்கள் போதிய அளவு இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. சென்தோவில் கிணற்று நீரையோ குழாய்த் தண்ணீரையோ காய்ச்சி நிரப்புகிறார்கள், அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்த இடங்களும் உண்டு. டோக்கியோவின் ஓதா வட்டாரத்தில் காபி டிக்காஷன் நிறத்தில் ஊற்றுநீர் வரும் சென்தோக்கள் இருக்கின்றன.

உள்ளே அமைப்பு எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி. வாசலில் துணித்திரை, செருப்பு வைக்கும் மரப்பெட்டிகள், பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக உடை மாற்றும் அறை, அதைத் தாண்டினால் குளியல் கூடம். தாழ்வான குழாய்கள் முன்னால் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். டோக்கியோவில் தொட்டி பின்சுவரை ஒட்டி இருக்கும், ஒசாகா கியோத்தோ பக்கம் பெரும்பாலும் கூடத்தின் நடுவில் இருக்கும். அந்தப் பக்கத்து ஆட்கள் தொட்டியிலிருந்தே தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்வதால், 1963-இலிருந்து சென்தோக்களில் புழங்கும், கெரோரின் என்ற வலி மருந்தின் விளம்பர வாளிகூட அங்கே கொஞ்சம் சிறியது. கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் குழாய் எங்கே போகிறது, தரை எந்தப் பக்கம் சரிகிறது என்பதெல்லாம் தொட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்தது.

2. எல்லார் வீட்டிலும் பாத்ரூம் இருக்கே, அப்புறம் எதுக்கு இதைக் காசு போட்டுப் புதுப்பிக்கணும்?

நியாயமான கேள்வி. 1968 வாக்கில் நாடு முழுக்க ஏறக்குறைய 18,000 சென்தோக்கள் இருந்தன, இன்று 2,000-கூட இல்லை. வீட்டுக்குள் குளியலறை வந்ததும் தேவை போய்விட்டது. மிச்சமிருக்கும் இடங்களுக்கு வருபவர்களைப் பார்த்தால், பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் வயதானவர்கள், வேலை முடிந்து வருபவர்கள், சைக்கிள் ஓட்டியோ ஓடியோ விட்டு வரும் இளைஞர்கள், இப்போது சவுனா என்ற வெப்ப அறையின் மேல் பைத்தியம் பிடித்த கூட்டம் என்று கலவையாக இருக்கிறார்கள். பாட்டி ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் கவுன்டரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். வீட்டுப் பாத்ரூமில் அது நடக்காது.

இன்னொரு காரணம் பேரிடர். 2024 ஜனவரி 1 அன்று நோதோ தீபகற்பத்தில் நிலநடுக்கம் வந்தபோது அங்கே ஊரெங்கும் குழாய்த் தண்ணீர் நின்றுபோனது. அங்குள்ள சுசு நகரில் அமிதா-யூ என்ற சென்தோ அந்த மாதமே திறந்து, ஊர்க்காரர்கள் வெந்நீரில் குளிக்க வழி செய்தது. பொதுக் குளியல் கூடம் ஊருக்கு எதற்கு என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

3. போட்டோவில் கோயில் மாதிரி இருக்கே. பழைய கோயிலை மாத்தினதா?

இல்லை, ஆரம்பத்திலிருந்தே குளியல் கூடம்தான். 1923 கான்தோ நிலநடுக்கத்தில் டோக்கியோ எரிந்து சாம்பலான பிறகு, ஊரைத் திரும்பக் கட்டும்போது கோயில் வேலை தெரிந்த தச்சர்களைக் கொண்டு இப்படிக் கட்டினார்கள். வாசலுக்கு மேல் வில்லாக வளைந்த முகப்பு, உள்ளே உயரமான கட்டமிட்ட மரக்கூரை, சின்னத் தோட்டம், மீன்குளம். அன்றாடம் வாடகை அறையில் முடங்கிக் கிடந்தவனுக்குச் சில காசில் ஒரு மாளிகை. இது டோக்கியோ வட்டாரத்துப் பாணி, ஜப்பான் முழுக்க இப்படி எதிர்பார்க்காதீர்கள்.

1929-இல் கட்டிய கொதகாரா-யூ என்ற சென்தோவை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய்க் கோகானேயில் இருக்கும் எதோ-டோக்கியோ திறந்தவெளிக் கட்டிட அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் இல்லாததால் நிதானமாக உள்ளே நின்று பார்க்கலாம், படிக்கிற பிள்ளைகள் முதலில் அங்கே போங்கள்.

4. வேலையை எங்கிருந்து ஆரம்பிப்பீங்க? பெயின்ட், டைல்ஸ்தானே?

பெயின்ட் கடைசி. முதலில் தரைக்கு அடியில் பார்ப்போம், அப்புறம் கூரைக்குள். ஒரு சென்தோவுக்குப் போடும் பணத்தில் பெரும்பங்கு வாடிக்கையாளர் கண்ணில் படாத இடங்களுக்குத்தான் போகும். பாய்லர், வடிகட்டி, குழாய், கழிவுநீர்ப் பாதை, சுவரின் அடிமரம், கூரையின் நீர்க்கசிவு. உரிமையாளரிடம் இதைச் சொல்லும்போது முகம் வாடிப்போகும், ஏனென்றால் அவர் மனதில் புது லாபியின் படம்தான் இருக்கும்.

டைல்ஸைச் சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவோம். ஒட்டியிருந்தால் கெட்டியான சத்தம், பின்னால் விட்டுப்போயிருந்தால் பொக்கென்று ஒரு சத்தம். பொக்கைச் சத்தம் வரும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுவோம். சுவரை விட்டுத் தள்ளி நின்று அந்தக் குறிகளைப் பார்த்தால் தண்ணீர் எந்த வழியில் போயிருக்கிறது என்று படம் வரைந்த மாதிரி தெரிந்துவிடும்.

5. டைல்ஸ் போட்டு மூடியிருக்கே, உள்ளே மரம் எப்படி அழுகும்?

டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது, இணைப்பு வழியாக விடும். தினமும் நூற்றுக்கணக்கான பேர் குளிக்கும் கூடத்தில் நீராவி எங்கே இடுக்கு கிடைத்தாலும் நுழையும், குளிர்காலத்தில் சில்லென்ற மரத்தைத் தொட்டதும் உள்ளேயே நீராகிவிடும். இதனால்தான் பழைய ஆட்கள் கூரையை அவ்வளவு உயரமாகக் கட்டி, உச்சியில் சன்னல் வைத்து ஆவியை வெளியே விட்டார்கள். பிற்காலத்தில் சூடு போகிறது என்று அந்தச் சன்னல்களை அடைத்த இடங்களில்தான் கூரைக்கட்டைகள் மோசமாக இருக்கும்.

சுவரின் கீழே படுத்திருக்கும் அடிக்கட்டையைப் பலகை பிரித்துப் பார்த்தால், வெளிப்பக்கம் நல்ல மரம் போலவே இருக்கும், விரலை வைத்து அழுத்தினால் ஈரப் புட்டு உதிர்வது போல உதிரும். கறையான் வேறு தன் பங்குக்குச் சாப்பிட்டிருக்கும். இதை முழுக் கட்டிடத்தையும் இடிக்காமல் சரி செய்யலாம். தூணை ஜாக்கி வைத்துக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, அழுகிய அளவுக்கு மட்டும் வெட்டி, புது மரத்தை வாயோடு வாய் பொருத்திச் சேர்ப்பது பழைய தச்சு முறை. இதைத் தெரிந்த தச்சர்கள் குறைந்துகொண்டே வருவதுதான் மரம் கிடைப்பதைவிடப் பெரிய தலைவலி.

6. நிலநடுக்கம் வந்தா இந்தப் பழைய மரக் கட்டிடம் நிக்குமா?

வேலை செய்யாமல் விட்டால் நம்ப முடியாது. ஜப்பானில் கட்டிடங்களுக்கான நிலநடுக்க விதிகள் 1981-இல் கடுமையாக்கப்பட்டன, மர வீடுகளுக்கு 2000-இல் மறுபடியும். நாம் பேசும் கட்டிடங்கள் அதற்கெல்லாம் அரை நூற்றாண்டு முந்தியவை. அதிலும் சென்தோவின் அமைப்பே பிரச்சினை. நடுவில் தூண் இல்லாத பெரிய கூடம், சுற்றிலும் சன்னல், ஆண் பெண் பகுதிகளைப் பிரிக்கும் சுவர் கூரை வரை போவதில்லை, தலைக்கு மேல் கனமான ஓடு.

செய்வது என்னவென்றால், சில சன்னல்களைத் தியாகம் செய்து அங்கே உறுதியான சுவர் வைப்பது, கூரைக்குள் யாருக்கும் தெரியாத இடத்தில் குறுக்குக் கம்பிகள் போடுவது, ஓட்டின் எடையைக் குறைப்பது, 5-ஆம் கேள்வியில் சொன்ன அடிக்கட்டையை அஸ்திவாரத்தோடு இறுக்கிப் பிணைப்பது. எந்தச் சன்னலை இழப்பது என்பதில்தான் வடிவமைப்பாளருக்கும் எங்களுக்கும் சண்டை வரும். மதிய வெயில் தொட்டி நீரில் விழும் சன்னலைத் தொடக்கூடாது என்பது என் கட்சி.

7. அந்த உயரமான புகைபோக்கியை இடிச்சே ஆகணுமா? விறகு இன்னும் எரிக்கிறாங்களா?

டோக்கியோவின் சென்தோப் புகைபோக்கிகள் பெரும்பாலும் 23 மீட்டர் வாக்கில் இருக்கும். இடிந்த வீடுகளின் மரத்தையும் மர ஆலைக் கழிவையும் எரித்த காலத்தில் அந்த உயரம் தேவைப்பட்டது. கேஸ் பாய்லருக்கு மாறிவிட்டால் அது தேவையில்லை. ஆனால் நெருக்கமான தெருவில் அதை இடிக்க நல்ல செலவாகும், இடிக்காமல் விட்டால் நிலநடுக்க பயம். அதனால் பலர் பாதியில் வெட்டிக் குட்டையாக்குகிறார்கள், சிலர் இரும்புப் பட்டை கட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

விறகு இன்னும் எரிக்கிறார்கள். எரிபொருள் செலவு குறைவு, ஆனால் மரத்தை வாங்கி, வெட்டி, உலர்த்தி, மணிக்கணக்கில் அடுப்பருகில் நிற்க ஆள் வேண்டும். வெந்நீர் மெத்தென்று இருக்கும் என்று விறகுக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. எழுபது வயதில் ஒருவர் தனியாக நடத்தும் இடமென்றால் கேஸுக்கு மாறச் சொல்லித்தான் சொல்வேன், டோக்கியோ நிர்வாகம் அதற்கு மானியமும் தருகிறது.

8. அத்தனை பேர் இறங்குற தண்ணி. சுத்தமா இருக்குமா அண்ணா, உண்மையைச் சொல்லுங்க.

ஒழுங்காகப் பராமரித்தால் இருக்கும். தொட்டி நீர் ஓயாமல் வடிகட்டி வழியாகச் சுற்றி வரும், அதில் குளோரின் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் அளவில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். பல இடங்களில் இரவு மூடியதும் தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவுகிறார்கள்.

பயப்பட வேண்டியது லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவுக்கு. வெதுவெதுப்பான நீரில், குழாயின் உள்பக்கம் படியும் வழவழப்பில் குடியிருக்கும், நீர்த்துளியோடு மூச்சில் போனால் நிமோனியா வரும். 2002-இல் மியாசாகி மாகாணத்தின் ஹியூகாவில் புதிதாகத் திறந்த ஒரு குளியல் வளாகத்தில் இது பரவி 7 பேர் இறந்தார்கள். கவனியுங்கள், அது பழைய கட்டிடமே இல்லை. அதனால் புதுப்பிக்கும்போது பழைய குழாய்களில் எங்கேயும் போகாமல் முட்டி நிற்கும் துண்டுகளைத் தேடித் தேடி வெட்டி எடுப்போம், தண்ணீர் தேங்கும் இடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வெந்நீரைச் சேமித்து வைக்கும் தொட்டி (குளிக்கும் தொட்டி இல்லை) 60 டிகிரிக்குக் கீழே இறங்காதபடி அமைப்போம். தரையைத் தோண்டாமல் பழைய குழாயிலேயே புது வடிகட்டியைச் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்பவர்களிடம் எங்கள் முதலாளி வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

9. சுவத்துல இருக்கற ஃபூஜி மலை ஓவியத்தைப் பாதுகாக்காம மேலேயே பெயின்ட் அடிக்கிறாங்களாமே, அநியாயம் இல்லையா?

அது ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். 1912-இல் டோக்கியோவின் கந்தாவில் இருந்த கிகாய்-யூ என்ற சென்தோவுக்கு ஷிசுவோகா ஊர்க்காரரான ஓவியர் ஒருவர் ஃபூஜியை வரைந்தார், அதிலிருந்து இந்தப் பழக்கம் பரவியது என்பார்கள். நீராவியில் பெயின்ட் சில வருடங்களில் உரியும், உடனே அதன் மேலேயே அடுத்த ஃபூஜி. ஒரு காலத்தில் ஓவியத்தின் கீழே அக்கம்பக்கத்துக் கடைகளின் விளம்பரம் இருக்கும், ஓவியச் செலவை அதுவே பார்த்துக்கொண்டது.

விடுமுறை நாளில் தொட்டிக்கு மேல் பலகை போட்டு, காலையில் வானத்திலிருந்து ஆரம்பித்து, மாலைக்குள் முடித்துவிடுவார்கள். பழைய ஓவியத்தைச் சுரண்டுவதுகூட உரிந்த இடத்தில் மட்டும்தான். நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று நாலைந்து டப்பாவை வைத்துக்கொண்டே எல்லா நிறத்தையும் கலந்துவிடுவார்கள். சூரியன் மறைவதும் இலை உதிர்வதும் வரையமாட்டார்கள், வியாபாரம் சரியும் உதிரும் என்ற சென்டிமென்ட். மருயாமா கியோதோ, நகாஜிமா மோரியோ, தனாகா மிசுகி என்று இந்தத் தொழிலுக்கென்றே பெயர் பெற்றவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். சுவரைக் கண்ணாடிக்குள் பூட்டுவதைவிட இவர்களுக்கு அடுத்த வேலையைக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

டைல்ஸ் படம் வேறு கதை. கொக்கு, கெண்டை மீன் என்று சுட்ட ஓட்டில் வரைந்த பழைய படங்களை உடைத்தால் திரும்பக் கிடைக்காது. சுவரோடு அறுத்து எடுத்தாவது காப்பாற்ற முயல்வோம்.

10. நடுவுல உயரமா உட்கார்ந்து ரெண்டு பக்கமும் பார்க்கிற ஆள் இன்னும் இருக்காங்களா?

அந்த உயர மேடைக்குப் பெயர் பன்தாய். காசு வாங்கவும் திருட்டைக் கண்காணிக்கவும் வைத்தது, ஆனால் அங்கிருந்து இரண்டு உடை மாற்றும் அறைகளும் தெரியும். இளம் பெண்கள் வரத் தயங்குவதற்கு இது ஒரு காரணம், அதனால் புதுப்பிப்பில் பெரும்பாலும் வாசல் பக்கம் திரும்பிய சாதாரண கவுன்டராக மாற்றிவிடுகிறோம். சில இடங்களில் மேடையை அப்படியே வைத்து, திசையை மட்டும் திருப்பியிருக்கிறார்கள். எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. பழையது எல்லாமே நல்லது என்று இல்லை.

11. இவ்வளவு செலவு பண்ணிட்டு டிக்கெட்டை ஏத்த வேண்டியதுதானே?

முடியாது! ஏற்ற உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை. போர் முடிந்த கையோடு 1946-இல் கொண்டுவந்த விலைக் கட்டுப்பாட்டு ஆணை ஒன்று இருக்கிறது. அரிசி உட்பட மற்றவை எல்லாம் அதிலிருந்து வெளியே வந்துவிட்டன, சென்தோக் கட்டணம் மட்டும் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மாகாண ஆளுநரும் உச்சவரம்பை அறிவிப்பார். டோக்கியோவில் பெரியவர்களுக்கு 2022-இல் 500 யென், 2023-இல் 520, 2024 ஆகஸ்டில் 550. நம்ம காசில் முந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல். பளிங்குத் தரை போட்டாலும் அதே விலை, பாசி பிடித்திருந்தாலும் அதே விலை.

அதனால்தான் புதுப்பிக்கும்போது கட்டுப்பாட்டுக்குள் வராத வருமானத்துக்கு இடம் ஒதுக்குகிறார்கள். சவுனாவுக்குத் தனிக் கட்டணம், டவல் வாடகை, குளித்துவிட்டுக் குடிக்கும் பால், பீர், பக்கத்திலேயே நாணயம் போடும் சலவை இயந்திரங்கள். கின்ஷிச்சோவில் 1932-இலிருந்து இருக்கும் கொகானே-யூ 2020-இல் கட்டிடக் கலைஞர் நகாசகா ஜோவின் வடிவமைப்பில் மாறியபோது கவுன்டரிலேயே பீர் குழாய் வந்துவிட்டது, பாட்டுப் போட டிஜே மேடைகூட இருக்கிறது. பார்ப்பவர்கள் ஸ்டைலுக்காக என்று நினைக்கிறார்கள், கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு வழியில்லை.

12. அப்போ பணத்துக்கு என்ன வழி?

முழுப் புதுப்பிப்பு கோடிக்கணக்கான யென் விழுங்கும். வங்கிக் கடன், உள்ளாட்சி மானியம், மக்களிடம் இணையத்தில் திரட்டுவது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஓட்டுகிறார்கள். கட்டிடத்துக்கு 50 வயது தாண்டியிருந்தால் பதிவுபெற்ற பண்பாட்டுச் சொத்தாக மனுப் போடலாம். 1996-இல் வந்த இந்த முறை கெடுபிடி குறைந்தது, உள்ளே மாற்றிக்கொள்ளலாம், வெளித்தோற்றத்தைப் பெரிய அளவில் மாற்றினால் மட்டும் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். ஆனால் கிடைக்கும் உதவி பழுதுபார்ப்பின் வடிவமைப்பு, மேற்பார்வைச் செலவில் பாதிதான், மரத்துக்கும் கூலிக்கும் இல்லை. பட்டயம் மாட்டியதும் பணம் கொட்டும் என்று யாரும் நம்பிவிடாதீர்கள்.

டோக்கியோவில் தகினோகாவாவின் இனாரி-யூ ஒரு நல்ல உதாரணம். 1930-இல் கட்டியது, 2019-இல் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவானது, உலக நினைவுச்சின்ன நிதியத்தின், காப்பாற்ற வேண்டிய இடங்களுக்கான 2020 பட்டியலிலும் இடம் பிடித்தது. அந்த ஆதரவோடு பக்கத்தில் இருந்த பழைய வரிசை வீட்டையும் சீர்செய்து, குளித்துவிட்டு வருபவர்கள் உட்கார்ந்து பேசும் இடமாக்கியிருக்கிறார்கள்.

13. மூடிக் கிடக்கிற ஒண்ணை வாங்கி நாமே நடத்தலாமா?

மூடி எவ்வளவு நாள் ஆயிற்று என்பதுதான் முதல் கேள்வி. வெந்நீர் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றுபோனால் சீக்கிரம் துருப்பிடிக்கும், பாய்லரும் அப்படியே. உரிமமும் சிக்கல், ஏனென்றால் புதிய சென்தோவுக்கு அருகிலுள்ள சென்தோவிலிருந்து இவ்வளவு தூரம் என்று மாகாண விதி உண்டு. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1955-லும் 1989-லும் சொல்லிவிட்டது. நடந்துகொண்டிருக்கும்போதே கைமாற்றுவது எவ்வளவோ மேல். 2023 டிசம்பரிலிருந்து தொழிலை அப்படியே வாங்குபவர் புதிதாக உரிமம் எடுக்காமல், தெரிவித்துவிட்டுத் தொடரலாம்.

கியோத்தோவில் மூடப் போன உமே-யூவை 2015-இல் மினாதோ சன்ஜிரோ என்ற இளைஞர் ஏற்று நடத்தத் தொடங்கினார். அவர் பெரிதாக எதையும் இடிக்கவில்லை. கசிவை அடைத்து, திறக்கும் நேரத்தை மாற்றி, தினமும் தேய்த்துச் சுத்தம் செய்து கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். சில இடங்களுக்கு அந்த அளவுப் புதுப்பிப்பே போதும்.

14. கஃபே ஆக்கிட்டா கட்டிடம் பிழைச்சிடுமே, அது தப்பா?

தப்பில்லை. டோக்கியோவின் யனாகாவில் இருநூறு வருட வரலாறுள்ள காஷிவா-யூ 1993-இல் கலைக்கூடமானது, கியோத்தோவின் ஃபுஜினோமோரி-யூ இப்போது வண்ண டைல்ஸோடு அழகான கஃபே. இடிப்பதைவிட நூறு மடங்கு மேல். கித்தா-சென்ஜுவில் 1929-இலிருந்து கம்பீரமாக நின்ற தைகொகு-யூ 2021-இல் மூடியபோது எத்தனை பேர் வரிசையில் நின்று வருத்தப்பட்டாலும் ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் ஈரம் போய்விட்டால் எங்கள் வேலை பாதி குறைந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 5-லும் 8-லும் நான் புலம்பியதில் பெரும்பாலானவை கஃபேக்குக் கிடையாது. பத்திரிகைகளில் சென்தோ மறுசீரமைப்பு என்று இரண்டையும் ஒரே பட்டியலில் போடும்போது எரிச்சலாக வரும்.

15. புதுசாக்கினதும் பழைய ஆளுங்க வராம போயிட்டா?

நடக்கிறது. முக்கியச் சண்டை வெப்பத்தில். டோக்கியோ பெரியவர்களுக்கு 43, 44 டிகிரி வேண்டும், புதிதாக வருபவர்கள் காலை வைத்ததும் எடுத்துவிடுவார்கள். ஒரே தொட்டியில் இருவரையும் திருப்திப்படுத்த முடியாது, அதனால் இடம் எவ்வளவு குறைவானாலும் சூடானது ஒன்று, இதமானது ஒன்று, குளிர்ந்தது ஒன்று என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்வோம். கோஎன்ஜியில் 1933-இலிருந்து நடக்கும் கொசுகி-யூவில் சூட்டையும் குளிரையும் மாற்றி மாற்றி அனுபவிக்கத்தான் கூட்டம் போகிறது, அவர்கள் 2024-இல் ஹராஜுகுவில் ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில் இரண்டாவது கிளையே திறந்துவிட்டார்கள்.

கைப்பிடி, வழுக்காத தரை, படி இல்லாத வாசல் இவற்றை யாரும் போட்டோ எடுப்பதில்லை. ஆனால் எண்பது வயதுக்காரர் திரும்ப வருவாரா என்பதை இவைதான் தீர்மானிக்கும். வேலை நடக்கும் மாதங்களில் அவர்கள் வேறு சென்தோவுக்குப் பழகிவிடுவதும் உண்டு, அதனால் முடிந்தால் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பாதி பாதியாகச் செய்து, நாள் மாற்றி நாள் திறந்து வைக்கச் சொல்வேன். தொல்லைதான், செலவும் கூடும்.

16. நாங்க வந்தா போகலாமா? டிரெஸ்ஸோட இறங்கலாமா? பச்சை குத்தியிருக்கே?

தாராளமாகப் போகலாம். உடையோடு இறங்க முடியாது, நீச்சலுடையும் கூடாது. முதல் ஐந்து நிமிடம் கூச்சமாக இருக்கும், அப்புறம் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று புரிந்துவிடும். பச்சை குத்தியவர்களைப் பெரிய குளியல் வளாகங்கள் தடுக்கலாம், சாதாரண சென்தோக்கள் பெரும்பாலும் விட்டுவிடும், கவுன்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். டோக்கியோவில் 2022-இலிருந்து 7 வயதான பிள்ளைகள் எதிர்ப்பாலர் பக்கம் போகக் கூடாது, குடும்பமாக வருபவர்கள் கவனிக்கவும். சின்னத் துண்டை எடுத்துக்கொண்டு போங்கள், அதைத் தொட்டித் தண்ணீரில் மட்டும் முக்காதீர்கள்.